கருணைக்கிழங்கும் நான் தவறாகத் திருத்திய ஒரு விடையும்



பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பாடவேளை முழுவதும் என் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய தண்டனையாக இருக்காது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன வாரம் என் துணைவியார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சமையல் பொறுப்பு என்னுடையது. காலையில் உழவர் சந்தைக்குப் போனபோது ஒரு பெரியவர் சாக்கு விரித்து நாட்டுக் கருணை வைத்திருந்தார். சின்னச் சின்னதாக, வேர் மயிரோடு, மண் ஒட்டியபடி. பார்த்ததும் அம்மா வைக்கும் மசியல் நினைவுக்கு வந்துவிட்டது. அரைக் கிலோ வாங்கினேன். வேகவைத்தேன், தோலை உரித்தேன், மசித்தேன், தாளித்தேன். சோற்றில் பிசைந்து இரண்டாவது கவளம் உள்ளே போனதும் நாக்கில் ஆயிரம் ஊசி. தொண்டை காறுகிறது, உதடு தடிக்கிறது, கண்ணில் நீர் வருகிறது. பயந்துபோய் மகள் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, புளி போட்டீங்களா?" என்றார் துணைவியார். போடவில்லை. "அரிசி கழுவுன தண்ணியில வேக வச்சீங்களா?" அதுவும் இல்லை. "வாங்கினதும் ரெண்டு வாரம் மூலையில போட்டு வைக்கணும்னு கூடவா தெரியாது? இத்தனை வருஷம் சாப்பிட்டீங்களே!" என்றார். மோர் குடித்து, புளியை வாயில் ஒதுக்கி, ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பையனின் முகம் நினைவுக்கு வந்தது. நான் வகுப்பறையில் பார்த்த முகம். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் கிழங்கின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். பழக்கம் விடுமா?

முதலில் பெயர். ஊருக்கு ஊர் மாறுவது இதன் இயல்பு. நம் பக்கத்தில் பெரிதாக, யானைக்கால் போல இருப்பதைச் சேனை என்போம். சிறிதாக, கைப்பிடிக்குள் அடங்குவதைப் பிடிகருணை அல்லது கருணை என்போம். தெற்கே சில ஊர்களில் பெரியதையே கருணை என்று கேட்டு வாங்குவார்கள். ஈழத்தில் கரணை, சட்டிக்கரணை என்பார்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு நடும் துண்டையும் கரணை என்றுதான் சொல்கிறோம். சேனையையும் கண்ணோடு துண்டு போட்டுத்தான் நடுகிறார்கள்.

சேம்பு, சேனை, கருணை, குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரை எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துச் செடிகளில் பெரும்பாலானவை வெப்பநாட்டுக் காடுகளில் மர நிழலில் வளர்பவை. சேனையின் காட்டு உறவுகள் இன்றும் நம் குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் உள்ளன. காட்டுக்கருணை என்று பொதுவாகச் சொல்வோம். மழைக்குப் பின் ஒரே ஒரு தண்டு வரும், பாம்புச் சட்டை போலப் புள்ளிகளோடு. நாம் தண்டு என்று நினைப்பது உண்மையில் இலைக்காம்பு. மேலே குடை விரித்தாற்போல் இருப்பது முழுவதும் ஒரே இலை. நிஜத் தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது.

நாக்கில் ஊசி குத்தியது போல் இருந்தது என்றேன் அல்லவா? அது உவமை இல்லை. இந்தச் செடியின் திசுக்களில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக்கட்டாக இருக்கிறது. கடித்ததும் அந்த ஊசிகள் வாயின் மென்தோலில் குத்துகின்றன. ஓடமுடியாத செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஆயுதம். புளி, மோர், கழுநீர், நீண்ட நேரம் வேகவைப்பது எல்லாம் அந்த ஆயுதத்தை மழுங்கச் செய்ய நம் முன்னோர் கண்டறிந்த வழிகள். நறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும் அதற்காகத்தான். பெயர் கருணை, குணம் இப்படி.

இனி வரலாறு. 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கினார் என்று உங்களை எத்தனை முறை எழுத வைத்திருப்பேன்! அந்த ஆண்டுக்கு முன் நம் ஊர் இலையில் என்ன இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். மிளகாய் இல்லை. தக்காளி இல்லை. உருளைக்கிழங்கு இல்லை. மரவள்ளி இல்லை. பண்ருட்டியின் பெருமையான முந்திரி இல்லை, அது பிரேசிலிலிருந்து வந்தது. நாம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையும் தென் அமெரிக்காவில் பிறந்ததே. மணிலாக்கொட்டை என்ற பெயரில் அது வந்த வழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரங்கிக்காயின் பெயரிலேயே பரங்கியர் இருக்கிறார்கள். போர்ச்சுக்கீசியர் வந்து தங்கிய பரங்கிப்பேட்டை, முதுநகருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில்தானே இருக்கிறது. ரயிலில் போகும்போதெல்லாம் பார்க்கிறோம்.

இவை எதுவும் வருவதற்கு முன்பே இங்கே இருந்தவை சேனையும் சேம்பும். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், தோட்ட உழவர் வீட்டில் பாணனுக்குக் கிடைக்கும் விருந்தைச் சொல்கிறார். பலாப்பழம் முதலான இனிப்புப் பண்டங்கள் தின்று சலித்துவிட்டால், சேம்பின் முற்றிய கிழங்கு கிடைக்கும் என்கிறார். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல் அது. நமக்கு வடக்கே பக்கத்து நாடு. பலா தின்று திகட்டினால் காரசாரமாக ஒரு கிழங்கு வேண்டும் என்ற நாக்கு இன்றைய பண்ருட்டிக்காரரிடமும் இருக்கிறது.

நூல் படிக்காதவர்களுக்கும் இந்த வரலாறு தெரியும், அவர்கள் அதை அடுப்பில் வைத்திருக்கிறார்கள். வீட்டில் திவசம் வந்தால் நாட்டுக்காய் மட்டும்தான் சமைக்க வேண்டும் என்பார்கள். உருளை, கோஸ், கேரட் கூடாது. பல வீடுகளில் மிளகாய்கூடக் கூடாது, மிளகுதான். சேனையும் சேம்பும் வாழைக்காயும் தாராளமாக வரும். எதற்காக என்று கேட்டால் "பெரியவங்க வழக்கம்" என்பார்கள். அந்த முன்னோர்கள் உயிரோடு இருந்தபோது அந்தக் காய்கள்தான் இருந்தன! திவசச் சமையல் என்பது கப்பலில் வந்த காய்களை இன்னும் உள்ளே விடாத ஒரு பழைய பட்டியல். ஓர் ஆவணக் காப்பகம் என்றே நான் சொல்வேன்.

மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் தேரும் தரிசனமும் நடக்கும்போது நம் வீடுகளில் களியும் ஏழுகறிக் கூட்டும் செய்கிறோம். சேந்தனார் அளித்த களியை நடராசர் ஏற்றார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். கூட்டில் விழும் கிழங்குகளைக் கவனியுங்கள். பொங்கல் குழம்பிலும் அப்படியே. தை மாதம் சேனை வெட்டும் மாதம். விளைந்ததைப் பானையில் போட்டார்கள், அது சடங்காயிற்று. பரங்கிக்காய் மட்டும் எப்படியோ அந்தப் பானைக்குள் இடம் பிடித்துக்கொண்டது.

அடுத்து, இந்தக் கிழங்கு புத்தகத்துக்குள் போன கதை. இதில் நம் கடற்கரைக்கும் பங்கு உண்டு.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர்கள் நம் தேவனாம்பட்டினத்தில் வணிகத்துக்கு வந்தார்கள். அதே டச்சுக் கம்பெனியில் பிறகு கொச்சியில் அதிகாரியாக இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். மலபாரின் செடிகொடிகளை எல்லாம் படம் வரைந்து, பயன் எழுதி, 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' என்ற பெயரில் 12 தொகுதிகளை வெளிக்கொண்டுவந்தவர் அவர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. 740-க்கும் மேற்பட்ட தாவரங்கள்.

வான் ரீடுக்கு அந்தச் செடிகளைச் சொல்லிக்கொடுத்தவர் யார்? இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். தம் குடும்பத்துச் சுவடிகளில் இருந்ததை அவர் எடுத்துச் சொன்னார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி அந்தணர்களும் உதவினார்கள். 1675 ஏப்ரல் 20 அன்று இட்டி அச்சுதன் கோலெழுத்தில் எழுதிக்கொடுத்த சான்று முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. சொன்னவர் பெயரைப் போட்டதற்காகவே நான் வான் ரீடை மதிக்கிறேன். அந்தக் காலத்தில் அது சாதாரணச் செயல் இல்லை.

நம் சேனை 1692-இல் வந்த 11-ஆம் தொகுதியில் இருக்கிறது, மலையாளப் பெயரான 'சேன' என்ற தலைப்பில். அதைப் பார்க்க வான் ரீட் இல்லை. 1691-இல் சூரத்துக்குப் போகும் வழியில் கடலிலேயே இறந்துபோனார்.

நூறாண்டு கழித்து நம் கடற்கரைக்கு வாருங்கள். 1768-இல் தரங்கம்பாடிக்கு யோஹன் கெர்ஹார்டு கோனிக் என்ற மருத்துவர் வந்தார். லின்னேயஸின் நேரடி மாணவர். தரங்கம்பாடி மிஷன்காரர்கள் சிலரும் அவரும் செடி சேகரிப்பதை ஒரு தொண்டாகவே செய்தார்கள். அவருடைய நண்பர் வில்லியம் ராக்ஸ்பர்க், 1776-இல் சென்னைக்கு வந்த கம்பெனி மருத்துவர். பிறகு கோதாவரிப் பக்கம் சாமல்கோட்டையில் தோட்டம் போட்டார். அதன்பின் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவரானார். உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு நூற்றுக்கணக்கில் செடிகளை வரையச் செய்து லண்டனுக்கு அனுப்பினார். ஜோசப் பேங்க்ஸ் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, கம்பெனிச் செலவில் 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதிகள் வந்தன. 300 படங்கள். நூலின் பெயர் 'சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள்'. ஆம், நம் கடற்கரையின் பெயரில்தான்.

அதன் 272-ஆவது படம் சேனை. ஆந்திரக் கரையில் அது அவ்வளவு பயிரானதால் ஆங்கிலேயர் அதைத் 'தெலிங்கா உருளைக்கிழங்கு' என்றே சொல்லிவந்தார்கள். கிழங்கு என்றால் அவர்களுக்கு உருளைதான் அளவுகோல். உருளை இங்கே நேற்று வந்தது, சேனை பரம்பரை பரம்பரையாக இருப்பது என்பதை யார் அவர்களுக்குச் சொல்வது? சொல்லியிருப்பார்கள், எழுதிக்கொள்ளவில்லை. கோட்டுக்கோடு அந்தச் செடியை வரைந்த ஓவியரின் பெயரும் அந்தப் படத்தில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. ராக்ஸ்பர்க் 1815-இலேயே இறந்துவிட்டார். அவர் வைத்த பெயர் 1820-இல்தான் அச்சேறியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1818-இல், ஜெர்மனியில் டென்ஸ்டெட் என்பவர் வான் ரீடின் பழைய படங்களுக்கு லத்தீன் பெயர் சூட்டி ஒரு சிறு நூல் போட்டிருந்தார். பியோனி என்ற பூச்செடியின் இலைபோல இருக்கிறது என்று சேனைக்குப் பெயர் வைத்தார். யாரும் கவனிக்கவில்லை. ராக்ஸ்பர்க் வைத்த பெயர்தான் 150 ஆண்டுக்கு மேல் எல்லா நூல்களிலும் நின்றது. 1977-இல் நிக்கல்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் பழைய நூல்களைத் தோண்டி, எது முந்தி அச்சானதோ அதுவே செல்லும் என்ற விதியைச் சுட்டிக்காட்டினார். பெயர் மாறியது. இன்று உலகம் முழுவதும் 'அமார்போஃபாலஸ் பியோனிஃபோலியஸ்' என்பதே சேனையின் பெயர். முதல் சொல்லின் பொருளைப் பேரப்பிள்ளைகளும் படிக்கும் பதிவில் எழுத முடியாது. அகராதி பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் முதலில் அச்சிட்டார் என்பதற்கு விதி இருக்கிறது. யார் முதலில் அறிந்தார் என்பதற்கு விதி இல்லை. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சேனைப் பூ பார்த்திருக்கிறீர்களா? பயிர் வைப்பவர்களே பலர் பார்த்ததில்லை. ஒவ்வோர் ஆண்டும் தோண்டி எடுத்துவிடுவதால் பூக்க விடுவதில்லை. எங்கள் கொல்லையில் ஒரு கிழங்கை மறந்து விட்டிருந்தோம். சில ஆண்டுகள் கழித்து ஒரு வைகாசியில், கோடை மழை பெய்த மறு வாரம், இலையே இல்லாத மண்ணிலிருந்து நேராக ஒரு பூ கிளம்பியது. ஒரு சாண் உயரம், சுற்றிலும் கருஞ்சிவப்பாக மடிப்பு மடிப்பான மடல், நடுவில் மூளைபோலச் சுருங்கிய ஒரு குமிழ். அன்று மாலை பக்கத்து வீட்டு அம்மா வந்து, "சார், உங்க வீட்டுல எலி செத்துக் கெடக்குதா பாருங்க" என்றார். எலி இல்லை, பூதான். பிண நாற்றம் வீசி, சற்றே சூடும் காட்டி, ஈயையும் வண்டையும் ஏமாற்றி வரவழைக்கிறது. முதல் நாள் பெண்பூக்கள் தயாராகும், அடுத்த நாள் ஆண்பூக்கள் மகரந்தம் உதிர்க்கும். இரவு தங்கிய வண்டு மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த பூவைத் தேடிப் போகும்.

இதன் அண்ணன் ஒருவர் சுமத்ரா காட்டில் இருக்கிறார். 1878-இல் ஒடோர்டோ பெக்காரி என்ற இத்தாலியர் கண்டு உலகுக்குச் சொன்னார். பத்தடி உயரம்கூட எழும்பும் பூங்கொத்து. 1889-இல் லண்டன் கியூ தோட்டத்தில் அது பூத்தது. தொலைக்காட்சியில் அதன் அறிவியல் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு டேவிட் அட்டன்பரோ 'டைட்டன் ஆரம்' என்று புதுப்பெயர் சூட்டினார். இப்போது எந்த நாட்டுத் தோட்டத்தில் அது பூத்தாலும் மக்கள் சீட்டு வாங்கி வரிசையில் நின்று மோந்து பார்க்கிறார்கள். எங்கள் கொல்லையில் பூத்தபோது வந்தது பக்கத்து வீட்டு அம்மா ஒருவர்தான், அதுவும் புகார் சொல்ல.

சரி, அந்தப் பையனுக்கு வருகிறேன்.

1987 என்று நினைவு. கடலூரைவிட்டு உள்ளே தள்ளி, முந்திரிக்காடுகளுக்கு நடுவில் இருந்த ஓர் ஊரில் வேலை பார்த்தேன். எட்டாம் வகுப்பு. அன்று பாடம் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது, லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். சர் ரிச்சர்டு டெம்பிள் வந்து, நிவாரண வேலை செய்யும் கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று வெட்டினார். இந்த அளவு உயிர் வாழப் போதாது என்று டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். இதையெல்லாம் உணர்ச்சியோடு சொல்லிவிட்டு, "இப்படிப்பட்ட காலத்தில் மக்கள் எதைத் தின்று உயிர் பிழைத்திருப்பார்கள்?" என்று கேட்டேன். நான் எதிர்பார்த்த விடை 'கஞ்சித் தொட்டி'.

கடைசி வரிசையில் ஓர் இருளர் வீட்டுப் பையன் எழுந்தான். அவன் அதுவரை வகுப்பில் வாயே திறந்ததில்லை.

"காட்டுக்கருண சார். எங்க ஆயா சொல்லும். மூணு தண்ணி வடிச்சு, புளியந்தழ போட்டு வேவிச்சுத் தின்னாங்களாம்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "அது நாக்கை அறுத்துடும்டா. பன்னிகூடத் தின்னாது. பாடத்துல இருக்கறதச் சொல்லு, உக்காரு" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவன் எழுந்து எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு பள்ளிக்கு வரவில்லை. அதற்கு என் சிரிப்புதான் காரணம் என்று சொல்லமாட்டேன், அந்த வீட்டு வறுமைக்கு ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் அவன் சொன்ன ஒரே விடையை நான் தவறு என்று திருத்திவிட்டேன், அதுவும் வகுப்பு முழுவதும் கேட்கும்படி. மாதக்கணக்கில் நான் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இப்போது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

2011 மே மாதம் ஓய்வு பெற்றேன். அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று விடியற்காலை தானே புயல் வந்தது. உங்களில் பலர் வெளியூரிலிருந்து பதறிப்போய்ப் போன் செய்தீர்கள், லைன் கிடைக்கவில்லை. கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தாத்தா நட்ட பலா மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதவர்களைப் பார்த்தேன். மின்சாரம் பல நாட்களுக்கு இல்லை.

பழைய மாணவர்கள் சிலர் அரிசி, போர்வை சேர்த்து வண்டியில் கொண்டுபோனார்கள், நானும் ஏறிக்கொண்டேன். நான் முன்பு வேலை பார்த்த ஊருக்கே வண்டி போயிற்று. ஊர்க்கோடியில் இருளர் குடியிருப்பு. கூரை ஒன்றுகூட இல்லை. வெட்டவெளியில் மூன்று கல் வைத்து ஒரு வயதான அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். பானையில் கிழங்கு கொதிக்கிறது. தண்ணீரை வடித்து ஊற்றுகிறார். மறுபடி தண்ணீர் விட்டு, பக்கத்தில் சாய்ந்து கிடந்த புளியமரத்திலிருந்து ஒரு கைப்பிடி தழையை உருவிப் போடுகிறார்.

"என்னம்மா அது?" என்றேன்.

"கருண சார். மரமெல்லாம் பூடுச்சி. மண்ணுக்குள்ள இருக்கறத காத்து என்ன பண்ணும்?"

எனக்கு ஒரு துண்டு கொடுத்தார். உப்பு தொட்டுத் தின்றேன். காறவே இல்லை.

அப்போதுதான் அந்தப் பையனின் விடை எனக்கு உறைத்தது, 24 ஆண்டு கழித்து. அவன் பெயரைச் சொல்லி விசாரித்தேன். சூளை வேலைக்குக் குடும்பத்தோடு போனவன், ஊருக்கு வந்து ரொம்ப நாளாச்சு என்றார்கள்.

பஞ்சத்தைப் பற்றி டெம்பிள் எழுதியது அச்சில் இருக்கிறது, கார்னிஷ் எழுதியதும் இருக்கிறது. அந்தப் பையனின் ஆயாவின் ஆயா என்ன தின்று உயிர் பிழைத்தார் என்பது அச்சில் இல்லை. அது அந்தக் குடும்பத்தின் வாயில் இருந்தது. நூறாண்டு கடந்து, என் வகுப்பறைக்குள் தானாக நடந்து வந்தது. வரலாற்று ஆசிரியர் ஒருவருக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடைக்குமா? நான் அதை உட்காரச் சொல்லிவிட்டேன். இட்டி அச்சுதன் சொன்னதை எழுதிக்கொண்ட வான் ரீடை இத்தனை பாராட்டினேனே, அவரிடம் இருந்த பொறுமையில் பாதி எனக்கு இருந்திருந்தால் போதும்.

இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் பெரிய சேனை இப்போது அவ்வளவாகக் காறுவதில்லை. ஆந்திரத்தில் தேர்ந்தெடுத்துப் பரப்பிய கஜேந்திரா ரகம்தான் பல இடங்களில் பயிராகிறது. திருவனந்தபுரத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும் ஸ்ரீ பத்மா போன்ற ரகங்களைக் கொடுத்திருக்கிறது. உழவருக்கு நல்ல விளைச்சல், வாங்குகிறவருக்குத் தொல்லை இல்லை. இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காறாத கிழங்கையே வாங்கிப் பழகிய வீட்டில் காறலை எடுக்கும் வித்தை எதற்கு? என் மகளுக்குத் தெரியாது. எனக்கே தெரியவில்லை என்பதுதான் போன வாரம் நிரூபணமாகிவிட்டதே! நாட்டுக் கருணையை வைத்துச் செய்யும் லேகியத்தைச் சித்த மருத்துவர்கள் மூலத்துக்குத் தருகிறார்கள். வடமொழியில் சேனைக்கு 'அர்சோக்னம்' என்ற பெயரே உண்டு, மூலத்தை அழிப்பது என்று பொருள். அந்த மருந்திலும் பக்குவம்தான் பாதி. பக்குவம் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

அதனால் உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: வீட்டில் அம்மாவோ, ஆயாவோ, அத்தையோ இருந்தால் கருணையை எப்படிப் பக்குவம் செய்வார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதிக் கீழே போடுங்கள். எத்தனை நாள் காயவைப்பது, எத்தனை தண்ணீர் வடிப்பது, புளியா புளியந்தழையா, எல்லாம் வேண்டும். சொன்னவரின் பெயரையும் அவருடைய ஊரையும் மறக்காமல் போடுங்கள். நான் அவற்றை ஒரு நோட்டில் தொகுக்கிறேன். ஆனால் படித்துவிட்டுக் காட்டில் கண்டதைத் தோண்டித் தின்று பார்க்காதீர்கள். காட்டுக் கிழங்கு தெரிந்தவர் கையால் வந்தால் மட்டும் உணவு.

இரண்டு: உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் நிறையப் பேர். கடைசி வரிசையிலிருந்து ஒரு குழந்தை பாடத்தில் இல்லாத விடையைச் சொன்னால், தயவுசெய்து "யார் சொன்னாங்க உனக்கு?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள்.

மூன்று: அந்த எட்டாம் வகுப்பில் படித்தவர்கள் சிலர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவனுக்கு இப்போது ஐம்பதை ஒட்டி வயதிருக்கும். நேரில் போய், அன்று நீ சொன்னதுதான் சரியான விடை என்று சொல்ல வேண்டும். முழு மதிப்பெண் போட வேண்டும்.

துணைவியார் நேற்று வந்துவிட்டார். மீதி இருந்த கருணையை மூலையில் உலர வைத்திருக்கிறார். "இன்னும் பத்து நாள் தொடக்கூடாது" என்று உத்தரவு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்,
கடலூர் முதுநகர்.